குறி தவறத் தொடங்கிய ஏர் ரைபிள்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா? 13 ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஒடுகத்தூருக்குப் போகும் வழியில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. அந்தத் தோப்பில் காகித இலக்கைச் சுட்டுப் பழகுவதற்காக 2012 ஆம் ஆண்டில் ஒரு ஏர் ரைபிள் வாங்கினேன். இந்தியத் தயாரிப்பு, 4.5 மில்லிமீட்டர் துளை. குழலை மடக்கி ஸ்பிரிங்கை அழுத்தும் வகை. உள்ளே பிஸ்டனின் தலையில், காற்றுக் கசியாமல் அடைக்கும் தோல் வாஷர். முதல் ஒன்பது ஆண்டுகளில் அதில் ஏறத்தாழ 15,000 பெல்லட்டுகள் (சிறு ஈயக் குண்டுகள்) சுட்டிருப்பேன். பத்து மீட்டர் தூரத்தில் ஐந்து பெல்லட்டுகளும் 25 மில்லிமீட்டருக்குள் விழுந்துகொண்டிருந்த ரைபிள், 2021 மழைக்காலத்துக்குப் பிறகு 60 மில்லிமீட்டர் வரை சிதறத் தொடங்கியது. அதைச் சரி செய்வதா, விட்டுவிட்டுப் புதிது வாங்குவதா என்ற முடிவுக்கு வர எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின. அந்த ஐந்து மாதங்களில் கற்றதையும், அதற்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளில் அந்த முடிவு எப்படி நிலைத்தது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

ஜவ்வாது மலையடிவாரத்தில் என் தாத்தா காலத்தில் நாட்டுத் துப்பாக்கியுடன் முயல் வேட்டைக்குப் போனவர்கள் உண்டு. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று அந்த வழக்கத்துக்கு இடமில்லை. இருக்கவும் கூடாது என்பதே என் கருத்து. 2016 ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் துளையும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. உரிமம் தேவையில்லை என்பதாலேயே மாங்காய் கொத்தும் மயிலை விரட்ட இதை எடுக்கலாமா என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்தில் இன்றும் இருக்கிறார்கள். மயில் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை; அதன்மீது ஒரு பெல்லட் பட்டாலும் குற்றம்தான். இந்த ரைபிள் காகிதத்தைத் தவிர எதையும் சுட்டதில்லை.

சிதறல் தொடங்கியதும் நான் செய்த முதல் தவறு, அளந்து பார்க்காமல் கடைக்குக் கொண்டுபோனது. கடைக்காரர் ஒருமுறை சுட்டுப் பார்த்துவிட்டு, "வாஷர் போயிடுச்சு சார், ஸ்பிரிங்கும் சோர்ந்திருக்கும். இதுக்குச் செலவு பண்றதவிடப் புதுசு ஒண்ணு எடுத்துக்குங்க" என்றார். புதியதன் விலை அப்போது 9,500 ரூபாய். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. வாஷர் தேய்ந்துதான் இருந்தது. ஆனால் சிதறலுக்கு அதுதான் காரணமா என்பதை அவரும் சோதிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வாஷரை மாற்றுவது எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு எளிது. பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர், பட்டையில் பதனிட்ட கெட்டியான தோலில் ஒரு துண்டு கொடுத்தார். குரோம் முறையில் பதனிட்ட மென்மையான தோலை நான் கேட்டபோது அவர் தடுத்தார்: "தம்பி, அது செருப்புக்கும் பைக்கும் ஆகும். தண்ணியில ஊறவச்சு அச்சுல அழுத்தி எடுக்கணும்னா பட்டைத் தோல்தான் சொன்ன வடிவத்துல நிக்கும்." ஆவாரம் பட்டையில் தோல் பதனிட்டு ஏற்றுமதி செய்த ஊர்க்காரர் சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன். தோலை வட்டமாக வெட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கிண்ணம் போன்ற வடிவம் வரும்படி அச்சில் அழுத்தி, மூன்று நாள் நிழலில் உலர்த்தி, பிறகு சிலிகான் எண்ணெயில் ஓர் இரவு போட்டு வைத்தேன். ரைபிளைப் பிரிக்கும்போது ஸ்பிரிங் அழுத்தத்திலேயே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. நீளமான கிளாம்பில் பிடித்து மெல்ல மெல்லத் தளர்த்தாமல் பின்மூடியைக் கழற்றினால் அது முகத்தில் வந்து அடிக்கும்.

புது வாஷர் போட்டதும் சத்தமே மாறியது. நண்பரிடம் இருந்த வேகமானியில் வைத்துப் பார்த்தோம். முன்பு நொடிக்கு 155 முதல் 181 மீட்டர் வரை அலைந்த வேகம், இப்போது 194 முதல் 202 மீட்டருக்குள் நின்றது. அரை கிராம் பெல்லட்டுக்கு அது ஏறத்தாழ 10 ஜூல். மகிழ்ச்சியோடு இலக்கை மாட்டி ஐந்து பெல்லட்டுகள் சுட்டேன். 58 மில்லிமீட்டர். சிதறல் அப்படியே இருந்தது.

அன்றிரவு உட்கார்ந்து போட்ட கணக்கை முதல் நாளே போட்டிருக்க வேண்டும். நொடிக்கு 181 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் பத்து மீட்டரைக் கடப்பதற்குள் சுமார் 15 மில்லிமீட்டர் கீழே இறங்கும்; 155 மீட்டர் வேகத்தில் போவது சுமார் 20 மில்லிமீட்டர் இறங்கும். ஆக, என் பழைய வாஷர் செய்த அத்தனை குளறுபடியும் பத்து மீட்டரில் ஐந்தாறு மில்லிமீட்டர் வித்தியாசத்தைத்தான் உண்டாக்கியிருக்க முடியும், அதுவும் மேல்கீழாக மட்டுமே. இதே கணக்கை 25 மீட்டருக்குப் போட்டால், காற்றின் தடையைச் சேர்க்காமலே, வித்தியாசம் 34 மில்லிமீட்டர் ஆகிவிடும். தொலைவில் சுடுபவருக்கு வாஷர் பெரிய விஷயம்தான். ஆனால் என் இலக்கில் ஓட்டைகள் இடமும் வலமுமாகவும் சிதறியிருந்தன. பக்கவாட்டுச் சிதறலுக்கு வேகம் காரணமாகாது.

அதன் பிறகுதான் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிப்பது என்ற ஒழுங்குக்கு வந்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ஐந்து பெல்லட்டுகள் கொண்ட மூன்று குரூப் (ஒரே குறியில் சுட்ட ஓட்டைகளின் கூட்டம்; அதன் அகலமே சிதறலின் அளவு); இலக்குத் தாளில் தேதியும் மாற்றமும் எழுதிவைப்பது; வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து பெல்லட்டின் 4.5 மில்லிமீட்டரைக் கழிப்பது. ஐந்து சுட்டதில் ஒன்று விலகினால் அதை "கை நடுங்கியது" என்று தள்ளிவிடும் பழக்கத்தையும் விட்டேன்.

முதலில் கண்டது, நான் சோதித்த முறையிலேயே பிழை இருந்தது என்பதுதான். கிணற்றுச் சுவரின் மேல் மணல் மூட்டை வைத்து, அதில் ரைபிளை இறுக்கி அழுத்திச் சுட்டுக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங் ரைபிளில் பெல்லட் குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே பிஸ்டனின் ஓட்டம் ரைபிளைப் பின்னால் தள்ளி, பிறகு முன்னால் உதைக்கிறது. அந்த இரட்டை உதைப்பு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்க வேண்டுமானால், குழலுக்குக் கீழே உள்ள மர முன்கட்டையை உள்ளங்கையில் தளர்வாக ஏந்தி, ரைபிளை அதன் போக்கில் அசைய விட வேண்டும். மூட்டையின் மேல் கையை வைத்து, கையின் மேல் ரைபிளை வைத்ததும் 58 என்பது 49 ஆனது.

அடுத்தது கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகள். வேலூர் வெயிலில் மே மாதம் முழுவதும் காய்ந்து, ஐப்பசி மழையில் ஈரம் குடிக்கும் மரம் ஆண்டுக்கு ஒருமுறையாவது சுருங்கி விரியும். முன்கட்டையில் இரு பக்கமும் உள்ள திருகுகளில் ஒன்று முக்கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. இன்னொன்றின் மரை தேய்ந்திருந்தது. இரண்டையும் மாற்றினேன். 44.

குழலின் அடிவாயில் உள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இருபது ரூபாய்ப் பொருள். குழல் மூடும் இடத்தின் மேல் மெல்லிய காகிதக் கீற்றை வைத்துச் சுட்டால், காற்றுக் கசியும்போது காகிதம் துள்ளும். துள்ளியது. மாற்றியதும் நின்றது. ஆனால் குரூப் பெரிதாகச் சுருங்கவில்லை.

தொலைநோக்கியைப் பொறுத்தவரை, இரண்டு குறைகளைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். குரூப் சிறியதாகவே இருந்து, அதன் மையம் மட்டும் நாளுக்கு நாள் நகர்ந்தால், தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் மவுண்ட் உதைப்பில் வழுக்குகிறது என்று பொருள். குரூப்பே அகன்றால் காரணம் வேறெங்கோ இருக்க வாய்ப்பு அதிகம். எனக்கு இரண்டும் இருந்தன. மவுண்டின் பின்னால் பென்சிலால் கோடு போட்டு முப்பது பெல்லட்டுகள் சுட்டபோது, கோட்டிலிருந்து அது ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கியிருந்தது. தனித்தனி வளையங்களை எடுத்துவிட்டு, ஒரே துண்டாலான மவுண்டை அதன் தடுப்பு ஊசியோடு பொருத்தினேன், மையம் நின்றது. பிறகு தொலைநோக்கியைக் கழற்றிவிட்டுக் குழலின் மேலுள்ள சாதாரணக் குறிமுனையில் சுட்டேன். அப்போதும் 42 வந்ததால், மீதிச் சிதறல் குழலில்தான் என்பது உறுதியானது.

குழலைப் பார்க்கப் பயந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். குழலின் உள்ளே பெல்லட்டைச் சுழலவைக்கும் முறுக்கு வரிகள் தேய்ந்திருந்தால் அதற்கு மருந்து இல்லை. அந்த வகைக்குத் தனிக் குழல் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. நன்றாகத் துடைத்த குழலில் ஒரு பெல்லட்டை வைத்து, பித்தளைக் கம்பியால் மெல்லத் தள்ளி, வாய் வரை கொண்டுவந்தேன். வழி நெடுகிலும் ஒரே இறுக்கம். வெளியே வந்த பெல்லட்டின் பாவாடையில் (பின்பக்கம் விரிந்திருக்கும் மெல்லிய விளிம்பு) வரிகளின் தடம் சுற்றிலும் சீராகப் பதிந்திருந்தது. குழல் உயிரோடு இருந்தது. அடுத்து, காது குடையும் பஞ்சுக் குச்சியைக் குழல் வாயின் உள்விளிம்பில் சுற்றினேன். ஓர் இடத்தில் பஞ்சு சிக்கி நூலாக வந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்த இடத்தில் விளிம்பு உள்நோக்கி நசுங்கியிருந்தது. இத்தனை ஆண்டுகளாகக் கிணற்றடிச் சிமெண்டுத் தரையில் வாயைக் கீழே ஊன்றிச் சாத்தி வைத்ததன் விளைவு அது. பெல்லட் வெளியேறும் கடைசிக் கணத்தில் பின்னாலுள்ள காற்று எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் விடுபட வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் பெல்லட் சாய்ந்து கிளம்பும்.

ராணிப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் விஷயத்தைச் சொன்னேன். துளையை மையமாக வைத்துப் பிடித்து, அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக முகத்தைச் சீவி, உள்விளிம்பைச் சரித்துக் கொடுத்தார்கள். குழலின் வெளிப்புறத்தை வைத்து மையம் பார்க்க வேண்டாம் என்று நான் வலியுறுத்தியதைப் பட்டறைக்காரர் பொறுமையோடு கேட்டுக்கொண்டார். துளை வெளிவட்டத்துக்குச் சரியான நடுவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. கூலி 400 ரூபாய். அன்று மாலை தோப்பில் மூன்று குரூப்: 26, 23, 24.

மொத்தச் செலவை எழுதிவைத்திருக்கிறேன். வாஷர் அச்சுக்கு 150, ஓ-ரிங் 20, திருகுகள் 40, லேத் 400, மவுண்ட் 900, சோதனைக்கான பெல்லட்டுகள் 840. ஆக 2,350 ரூபாய். இதில் பெல்லட்டுகளுக்கான செலவை வீண் என்று நினைக்க வேண்டாம். நான்கு வகைப் பெல்லட்டுகளைச் சுட்டதில், ஒரே ரைபிள், ஒரே கை, ஒரே மாலைப்பொழுதில் 24 முதல் 41 மில்லிமீட்டர் வரை வித்தியாசம் காட்டியது. டின்னில் பாவாடை நசுங்கியவற்றைப் பொறுக்கி எடுத்தாலே பாதிக் குறை தீரும். ரைபிளைக் குறை சொல்வதற்கு முன் பெல்லட்டை மாற்றிப் பாருங்கள் என்பதை இப்போது கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

இதே மாதிரி ரைபிள் என் சித்தப்பா மகனிடமும் இருந்தது. என்னுடையது சரியானதைப் பார்த்து அவனும் கொண்டுவந்தான். குழலை மூடிவிட்டு நுனியைப் பிடித்து இடம் வலமாக ஆட்டினேன். கண்ணுக்குத் தெரியும்படி அசைந்தது. கீல் ஆணியை இறுக்கிப் பார்த்தோம், ஆட்டம் நிற்கவில்லை. கழற்றினால் ஆணி போகும் துளையே நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. குழல் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வந்து அமரும்போது, அதன் மேல் எந்தத் திருத்தமும் நிற்காது. துளையைப் பெரிதாக்கிப் புஷ் (உள்ளே பொருத்தும் உலோக வளையம்) அடிக்கலாம் என்று பட்டறையில் சொன்னார்கள். இரு பக்கத்தையும் ஒரே நேர்க்கோட்டில் அடிக்க வேண்டிய அந்த வேலைக்கு 3,000 ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். அதோடு, அவனுடைய குழலில் கம்பியால் தள்ளிப் பார்த்தபோது பெல்லட்டின் இறுக்கம் நடுவழியில் தளர்ந்தது. "அண்ணா, நீங்களே சொல்லுங்க, வச்சிருக்கவா விடவா?" என்று கேட்டான். புதியது வாங்கச் சொன்னேன். புதியதும் வந்த அன்றே நேராகச் சுடவில்லை; உள்ளே இருந்த எண்ணெய் முதல் நூறு சுடுதலில் எரிந்து புகைந்தது, ஐந்நூறு பெல்லட்டுகளுக்குப் பிறகே குரூப் 28க்கு வந்து நின்றது. அதுவரை பொறுமையாக இருக்கச் சொல்லாவிட்டால் அவன் அதையும் பழுது என்று திருப்பிக் கொடுத்திருப்பான்.

எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்லும் ஓர் ஆலோசனையை மட்டும் நான் எதிர்க்கிறேன்: காற்றுத் துளையில் தையல் மிஷின் எண்ணெய் நான்கு சொட்டு விடுவது. அழுத்தத்தில் சூடேறும் காற்றில் அந்த எண்ணெய் தீப்பற்றி வெடிக்கும். சத்தமும் வேகமும் கூடுவதைப் பார்த்து ரைபிள் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். வேகம் தாறுமாறாகும், வாஷர் கருகும், ஸ்பிரிங் ஒடியும். தோல் வாஷருக்கு ஆண்டுக்கு இருமுறை இரண்டு சொட்டுச் சிலிகான் எண்ணெய் போதும்.

2022 மே மாதம் குழல் வாயைச் சீவிய பிறகு இன்றுவரை சுமார் 4,000 பெல்லட்டுகள் சுட்டிருக்கிறேன். கடந்த மாதக் குரூப் 27. ரைபிள் இப்போது சுவரில் அடித்த இரண்டு மர முளைகளில் படுக்கையாக இருக்கிறது. வாய் எதிலும் படுவதில்லை. திருகுகளை ஐப்பசியிலும் பங்குனியிலும் சரிபார்க்கிறேன். பேரணாம்பட்டுத் தோலில் இன்னும் இரண்டு வாஷருக்கான துண்டு மீதம் இருக்கிறது.