சிவி பூட் மாத்தினதெண்டு பில் தந்தாங்கள், ஷாஃப்ட் கழரவே இல்லை – பழைய கொம்பி வச்சிருக்கிற ஆக்கள் கவனம்

கொழும்பில பழைய வோக்ஸ்வாகன் கொம்பி, கேம்பர் எதும் வச்சிருக்கிறவை இதை ஒருக்கா வாசியுங்கோ. கராஜின்ட பேரை நான் போடேல்ல, ஏனெண்டா இந்த வேலையைச் செய்யிறது ஒரு இடம் மட்டும் இல்லை எண்டு இப்ப விளங்குது.

எங்கட வேன் 1974 மொடல், ஸ்ரீ நம்பர், உள்ளுக்கு கட்டில், அடுப்பு, சிங்க் எல்லாம் இருக்கு. சித்தப்பான்ட வேன், இப்ப என்னட்ட. பின் சில்லு ரெண்டுக்கும் போற ஷாஃப்டில மொத்தம் நாலு சிவி ஜொயின்ட் (ஷாஃப்ட் சரிஞ்சு நிண்டாலும் ஒரே சீராச் சுத்த விடுற மூட்டு), ஒவ்வொண்டையும் மூடி ஒரு றப்பர் பூட். றப்பர் வெடிச்சா கிறீஸ் வெளிய பறக்கும், மண்ணும் தண்ணியும் உள்ள போம், பிறகு உள்ளுக்கிருக்கிற ஆறு குண்டும் தேஞ்சு ஜொயின்ட் முடிஞ்சுது. மழைக்கு வெள்ளவத்தையில ரோட்டில நிக்கிற தண்ணிக்குள்ளால ஓடுற வண்டிக்கு வெடிச்ச பூட்டோட ஓடேலாது, அதால நாலையும் மாத்தச் சொல்லிக் குடுத்தன்.

முதலாளி தேன் மாதிரிக் கதைச்சார். "ஜேர்மன் பூட் தான் தம்பி போடுறன், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" எண்டார். பில்லில ஒரிஜினல் பூட் நாலு, கிளிப், கிறீஸ், ஷாஃப்ட் ரெண்டும் கழட்டிப் பூட்டின கூலி எண்டு வரிவரியா இருந்தது, கூலி தான் எல்லாத்தையும் விடக் கூட.

கண்டிக்குப் போகேக்க கடுகண்ணாவை ஏத்தத்தில பின்பக்கம் கருகின எண்ணெய் மணம். பிறகு அக்சிலரேட்டரை விடேக்கயும் திருப்பி மிதிக்கேக்கயும் டக், டக் எண்டு ஒரு அடி. நிப்பாட்டிக் குனிஞ்சு பாத்தா டயரின்ட உள்பக்கம், சைலன்சர், சேசி எல்லா இடமும் கிறீஸ் தெறிச்சுக் கிடக்கு, இஞ்சின் பின்னுக்கு இருக்கிற வண்டி எண்டபடியா சூடான பைப்பில பட்டது புகையுது. மனிசி பிள்ளையளை பஸ்ஸில ஏத்திவிட்டிட்டு வேனை லொறியில ஏத்திக் கொழும்புக்குக் கொண்டுவந்தது தனிக்கதை, அதுக்குப் போன காசு வேற.

வத்தளையில கனகாலம் கொம்பி வேலை செய்த வயசான பாஸ் ஒராள் இருக்கிறார். வேனுக்குக் கீழ டோர்ச் அடிச்சுப் பாத்தார், "இதைக் கழட்டினதெண்டு யார் சொன்னது?" எண்டு கேட்டார். பிறகு என்னையும் கீழ கூப்பிட்டுக் காட்டினார். ஒரு ஜொயின்டுக்கு ஆறு போல்ட், நாலுக்கும் 24. அந்தப் போல்ட் தலை உள்ளுக்குக் குழி, பன்னிரண்டு முனை இருக்கிற பிட் போட்டாத்தான் கழரும். எங்கட வேனில 24 குழியும் காஞ்ச மண்ணும் பழைய கிறீஸும் அடைஞ்சு கல்லா இறுகிக் கிடந்தது, பிட் ஒண்டு உள்ளுக்குப் போயிருந்தா அந்த மண் அப்பிடி இருக்காது. ஷாஃப்ட் அசையவே இல்லை, கூலி மட்டும் எடுத்திருக்கிறாங்கள்.

அப்ப பூட் எப்பிடி மாறினது? இந்த மொடலுக்கு வாற சரியான பூட்டின்ட பெரிய பக்கத்தில ஒரு தகரத் தட்டு இருக்கும், அது ஜொயின்டோட சேந்து அதே ஆறு போல்டில தான் இறுகும். மாத்திறதெண்டா ஷாஃப்டைக் கழட்டி, நுனியில ஜொயின்டைப் பிடிச்சு வச்சிருக்கிற சேர்க்ளிப் வளையத்தை எடுத்து, ஜொயின்டை வெளிய இழுத்தாத்தான் ஏலும். இவங்கள் பழைய றப்பரை வெட்டி எறிஞ்சு தகரத்தை அப்பிடியே விட்டிட்டு, நடுவில பிளந்த மலிவான பூட்டைச் சுத்திப் போட்டு, பிளவைப் பசையால ஒட்டி, ரெண்டு பக்கமும் கேபிள் டையால இழுத்துக் கட்டியிருக்கிறாங்கள். ஒரு பக்கத்தில கட்டுக்கம்பி கூட. கிறீஸும் சிவி ஜொயின்டுக்குப் போடுற கறுத்த மொலிப்டினம் கிறீஸ் இல்லை, சில்லு பெயாரிங்குக்குப் போடுற சாதாரண மஞ்சள் கிறீஸ், அதையும் பழைய ஊத்தைக் கிறீஸுக்கு மேல அப்பியிருக்கு.

திருப்பிப் போய்க் கேட்டா முதலாளி சிரிச்சுக்கொண்டு "பழைய வோக்ஸ்வாகன் எல்லாத்துக்கும் பிளந்த பூட் தான் போடுறது, உங்களுக்குத் தெரியாது" எண்டார். இதில தான் கனபேர் ஏமாறுவினம், ஏனெண்டா அதில பாதி உண்மை. 1967 வரைக்கும் வந்த முன்னுக்கு ரெண்டு கண்ணாடி இருக்கிற கொம்பியில சுவிங் அக்சில் எண்ட பழைய அமைப்பு, அதுக்குப் பிளந்த பூட் போடுறது சரி தான், ஆனா அங்க பூட் இருக்கிறது சுத்தாத குழாயில, ஷாஃப்ட் அதுக்குள்ளால தான் சுத்தும். 1968 மொடல்ல இருந்து வந்த பெரிய ஒற்றைக் கண்ணாடி வண்டியில சிவி ஜொயின்ட், பூட்டும் ஷாஃப்டோட சேந்து சில்லின்ட வேகத்துக்குச் சுத்தும். கிறீஸ் வெளிப்பக்கமாத் தள்ளிக்கொண்டே இருக்கும், பசை எத்தினை நாள் தாங்கும்?

வத்தளை பாஸ் செய்த வேலையைப் பக்கத்தில நிண்டு பாத்தன். ஒவ்வொரு குழியையும் மெல்லிய கம்பியால தோண்டி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, பிட்டைச் சுத்தியலால தட்டி அடிவரைக்கும் இறக்கின பிறகு தான் திருப்பினார். அவசரப்பட்டா தலை வழுக்கிப்போம், பிறகு வெட்டித்தான் எடுக்கோணுமாம். ஜொயின்டுகளைக் கழுவி, ஒவ்வொண்டுக்கும் கறுத்தக் கிறீஸ் 90 கிராம் அளவில அமத்தி, சின்னப் பக்கத்துக்கு இரும்புக் கிளிப் போட்டு, போல்டை டோர்க் ரெஞ்சால 35 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினார். சில நூறு கிலோமீட்டர் ஓடினாப் பிறகு திரும்ப வரச்சொல்லி இன்னொருக்கா இறுக்கிப் பாத்தார், இந்தப் போல்ட் இளகிறதாம். ஒரு ஜொயின்ட் தப்பேல்ல, பஞ்சிகாவத்தையில தேடி எடுத்த பழைய சாமான் தான் இப்ப ஓடுது.

உங்கட வண்டியை எடுக்கப் போகேக்க காசு குடுக்க முந்திக் கீழ குனிஞ்சு பாருங்கோ, போல்ட் குழி துப்பரவா இருக்கோ, றப்பரில எங்கயும் ஒட்டு இருக்கோ, தகரத் தட்டு புதுசோ எண்டு. கழட்டின பழைய பூட்டைக் கையில கேளுங்கோ, தகரத்தோட முழுசா வரோணும், வெட்டின றப்பர் துண்டு வந்தா விளங்கிக்கொள்ளுங்கோ. பில்லில "சிவி பூட்" எண்டு மட்டும் எழுத விடாதேங்கோ, ஷாஃப்ட் கழட்டினதையும் எழுதுவியுங்கோ. 2003ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில கேட்டா ரசீது குடுக்கத்தான் வேணும்.

என்னட்ட பில் இருந்தபடியாத்தான் 1977 எண்ட நம்பருக்கு ஃபோன் அடிச்சு நுகர்வோர் அதிகாரசபையில முறைப்பாடு குடுக்க முடிஞ்சுது. அதுக்குப் பிறகு முதலாளின்ட குரல் கொஞ்சம் இறங்கியிருக்கு, பூட் காசைத் திருப்பித் தாறாராம், கூலியைத் தரமாட்டாராம். செய்யாத வேலைக்கு எடுத்த கூலியைத் தானே முதல்ல வைக்கோணும்.