ஏழு தடவை பிரீமியம் கட்டிய பிறகு: எங்கள் 3 லட்சம் ரூபாய் குடும்ப மருத்துவக் காப்பீடு

திருநெல்வேலி மாவட்டம் வீரவநல்லூரில் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எனக்கும் மனைவிக்கும் மகனுக்கும் சேர்த்து 2019 நவம்பரில் 3 லட்சம் ரூபாய்க்கு இந்த பாலிசியை எடுத்தேன். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் தெருவில் நாலு பேர் நாலு கம்பெனியில் வைத்திருக்கிறார்கள், எல்லோருடைய புலம்பலும் ஏறக்குறைய இதேதான்.

முதல் வருஷம் பிரீமியம் 9,600 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,728. ஆக 11,328. 2025 நவம்பரில் ஏழாவது தடவையாகக் கட்டியது 25,400. இதில் ஜிஎஸ்டி ஒரு பைசா கிடையாது.

பாலிசியை முதலில் பயன்படுத்தியது 2024 பிப்ரவரியில். மனைவிக்குப் பித்தப்பையில் கல். ராத்திரி பதினொரு மணிக்கு வலி தாங்காமல் துடித்தாள். வண்டி பிடித்து வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாதாரண அறை எதுவும் காலி இல்லை, ஏசி அறை ஒன்றுதான் இருக்கிறது, நாளுக்கு 4,500 என்றார்கள். அந்த நேரத்தில் யார் வாடகை பார்ப்பார்கள்? சரி என்று சொல்லிவிட்டேன்.

மூன்று நாளில் ஆபரேஷன் முடிந்து பில் 90,000 வந்தது. கம்பெனி கொடுத்தது 63,300. மீதி 26,700 நான் கட்டினேன். எப்படி என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். பாலிசியில் அறை வாடகை, காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 வரைதான். அதற்கு மேல் உள்ள 1,500-ஐ மட்டும் என் தலையில் போட்டிருந்தால் மூன்று நாளுக்கு 4,500-தான் ஆகியிருக்கும். ஆனால் வாடகையில் மூன்றில் இரண்டு பங்குதான் அனுமதி என்றால், டாக்டர் கட்டணம், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர் வாடகை, நர்ஸ் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டலாமாம். அந்த வகையில் வந்த 54,000-இல் 18,000 போய்விட்டது. கையுறை, சிரிஞ்சு மாதிரி சாமான்களுக்கு 4,200 தரவே மாட்டார்களாம். மருந்துக்கும் ஸ்கேனுக்கும் மட்டும் அந்த வெட்டு இல்லை.

ஏஜெண்ட் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அண்ணாச்சி, ரூம் வாடகையில கை வச்சிட்டாவ பாத்துக்கிடுங்க. பாலிசி போடும்போதே அந்த வரிய நான் சொல்லிருக்கணும், சொல்லல. எந் தப்புதான்" என்றான். தப்பு என்று ஒத்துக்கொண்டவனிடம் என்ன சண்டை போட? பாலிசிப் புத்தகத்தில் பதினோராம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. நான் நாலு வருஷத்துக்கு மேல் படிக்காமல் வைத்திருந்தேன். சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகவே புகார் கொடுக்கலாம். ஆனால் எழுதிக் கையெழுத்துப் போட்ட நிபந்தனையை வைத்துக்கொண்டு நான் என்ன கேட்பது?

அந்தத் தடவை இன்னொரு கொடுமையும் உண்டு. காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியிலிருந்து அனுமதி வந்தது சாயங்காலம் 6.40-க்கு. வயிற்றில் தையலோடு அவள் கட்டிலில் உட்கார்ந்தே இருந்தாள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு சுற்றறிக்கை விட்டது. டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும், தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாகப் போடும் காசைக் கம்பெனியே ஏற்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. 2025 ஆடியில் மகனுக்கு டெங்கு வந்து பாளையங்கோட்டையில் நாலு நாள் இருந்தான். இந்தத் தடவை நான் முதலிலேயே இருவர் அறை, 1,800 வாடகை என்று கேட்டு வாங்கினேன். பில் 31,000. 1,900 போக மீதி முழுவதையும் அதே கம்பெனி கொடுத்தது. அனுமதி இரண்டரை மணி நேரத்தில் வந்தது. இதற்கு முழு மார்க் கொடுக்கிறேன். மூன்று மணி நேரம் என்று அரசு கடிகாரம் வைத்தது, கம்பெனி அதைப் பார்த்து நடந்தது.

விலைக்கு மட்டும் ஏன் அப்படி ஒரு கட்டு இல்லை? என் கோபமெல்லாம் இங்கேதான்.

2024-இல் நான் கட்டியது 20,000, ஜிஎஸ்டி 3,600, மொத்தம் 23,600. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டியே இல்லை என்று ஆக்கினார்கள். நவம்பரில் 3,600 மிச்சமாகும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். வந்த நோட்டீஸில் 25,400. வரியை எடுத்த பிறகு, வரியோடு கட்டியதைவிட 1,800 கூடுதல். வரியில்லாமல் பார்த்தால் ஒரே வருஷத்தில் 27 சதவீத ஏற்றம். வயது ஏறிவிட்டது, மருத்துவச் செலவு ஏறிவிட்டது என்றார்கள். வரிவிலக்கு வந்ததால் கம்பெனி தன் செலவுகளுக்குக் கட்டும் ஜிஎஸ்டியை இனி கழித்துக்கொள்ள முடியாது, அதுவும் ஒரு காரணம் என்று ஏஜெண்ட் சொன்னான். அவனுடைய கமிஷனிலும் கை வைத்துவிட்டார்களாம். இருக்கட்டும். வரிச்சலுகை என்று அரசு விட்டுக்கொடுத்த பணம் என் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதென்றால் ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு போட்டார்கள். நல்ல உத்தரவு. எனக்கு வயது 52. அந்த 60-ஐத் தொடுவதற்குள் இதே வேகத்தில் ஏறினால் நான் பாலிசியைக் கைவிட்டிருப்பேன். பாதுகாப்பு வரும் வயதில் கையில் பாலிசியே இருக்காது. எல்லா வயதுக்கும் அந்த 10 சதவீதத்தைப் போட்டால் என்ன?

2024 ஏப்ரலில் இன்னும் சில மாற்றங்கள் வந்தன. 65 வயது வரை உள்ளவர்களுக்குப் புதிதாகக் கொடுத்தால் போதும் என்று கம்பெனிகளுக்கு இருந்த விதி போனது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருக்கும் காலம் 4 வருஷத்திலிருந்து 3 வருஷமாகக் குறைந்தது. இதை நம்பி அம்மாவுக்கு விலை கேட்டேன், அவளுக்கு 74 வயது. ஒரு கம்பெனி சொன்னது 48,000, அதுவும் ஒவ்வொரு பில்லிலும் ஐந்தில் ஒரு பங்கு நாங்கள் போட வேண்டும். கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டேன்.

அப்போதே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கும் முயற்சி செய்தேன். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை, பிரீமியம் கிடையாது. வருமான வரம்பு முன்பு 72,000 இருந்தது, நான் போனபோது 1,20,000. மாதம் பத்தாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் விஏஓ வருமானச் சான்றில் 2,40,000 என்று எழுதினார். உள்ளதைத்தான் எழுதினார், குறை சொல்ல மாட்டேன். "கொறச்சு எழுதச் சொல்லலாம்லா அண்ணாச்சி" என்று ஒருத்தர் யோசனை சொன்னார். பொய் எழுதி வாங்கும் அட்டை எனக்கு வேண்டாம்.

மாதம் பத்தாயிரத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் நடுவில் எத்தனை குடும்பம்! தையல் கடை, டீக்கடை, லோடு ஆட்டோ, பத்தமடையில் பாய் வியாபாரம், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறவர்கள். அட்டைக்கு நாங்கள் பணக்காரர்கள், பாலிசிக்கு நாங்கள் ஏழைகள். ராஜஸ்தானில் 2021-இல் தொடங்கிய சிரஞ்சீவி திட்டத்தில், இலவசப் பட்டியலில் வராத குடும்பங்கள் வருஷம் 850 ரூபாய் கட்டிச் சேரலாம் என்று வைத்தார்கள். இங்கேயும் வரம்புக்கு மேல் உள்ளவர்களிடம் ஒரு நியாயமான தொகையை வாங்கிக்கொண்டு சேர்க்கட்டும். ஐயாயிரம் என்றாலும் கட்டுவேன்.

நான் விலை கேட்ட அதே வருஷம் மார்கழியில் அம்மா முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் அரசுப் பெரியாஸ்பத்திரியில்தான் ஆபரேஷன் நடந்தது. அட்டையும் கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை. இப்போது கம்பு ஊன்றி வாசல்வரை நடக்கிறாள். அப்படியானால் பாலிசி எதற்கு என்று மனைவி கேட்டாள். மகனுக்கு ஏதாவது அவசரம் என்றால் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே கொண்டுபோக வேண்டும், அதற்குத்தான் என்றேன்.

வேறு கம்பெனிக்கு மாறலாமா என்று ஏஜெண்டிடம் கேட்டேன். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டுமாம். விலை ஏறிய நோட்டீஸ் என் கைக்கு வந்தது 30 நாள் முன்புதான். விலை தெரியும்போது வழி அடைத்திருக்கிறது. இதை ஆணையம் ஒரே வரியில் சரிசெய்யலாம்: நோட்டீஸை இரண்டு மாதம் முன்பே அனுப்பு என்று.

நவம்பர் எனக்கு வேலை இல்லாத மாதம். மழை பெய்து கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடினால் யாருக்கும் மோட்டார் ஞாபகம் வராது. மனைவி சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள், 19-ஆம் தேதி கட்டினேன்.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன். அந்த இரண்டரையும் டெங்கு சமயத்தில் பேசாமல் பணத்தைக் கொடுத்ததற்கு. புதிதாக எடுப்பவர்கள் அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசியாகப் பாருங்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இன்று ராத்திரியே புத்தகத்தை எடுத்து அந்த வரியைத் தேடுங்கள். புரட்டாசி பிறந்ததும் அடுத்த வருஷ விலையை எழுத்தில் கேட்டு வாங்கித் தரச் சொல்லி ஏஜெண்டிடம் இப்போதே சொல்லிவிட்டேன். "கேட்டுப் பாக்குதேன் அண்ணாச்சி" என்றிருக்கிறான்.