சாயநீரின் நிறத்தை உடைக்க எந்த வினையூக்கி? ஹாமர்ஸ்டேலை முன்வைத்து ஓர் அலசல்

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் வழியில் உள்ள ஹாமர்ஸ்டேல் நெடுங்காலமாகத் துணி ஆலைகளின் ஊர். அங்குள்ள சாயப்பட்டறைக் கழிவு, சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஸ்டெர்க்ஸ்பிரைட் ஓடையில் கலந்து ஷோங்வேனி அணைப் பக்கம் போகிறது. சுத்திகரிப்பு நிலையத்து நுண்ணுயிர்கள் மற்ற கழிவைத் தின்றாலும் பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பால் ஒட்டும் ரியாக்டிவ் சாயத்தின் நிறத்தை எளிதில் தொடுவதில்லை. டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம் பாட்டிமாரும் அத்தைமாரும் ஆடை ஆலைகளில் உழைத்து வளர்த்த தொழில் இது. அதன் கழிவு எங்கே போகிறது என்று கேட்கும் பொறுப்பு நமக்கும் உண்டு.

எஞ்சும் நிறத்தை ஒளியால் தூண்டப்படும் வினையூக்கிகள் உடைக்கும். அவற்றுள் மூத்தது டைட்டானியம் டை ஆக்சைடு. மலிவானது, நஞ்சற்றது, நீரில் கரையாதது. ஆனால் 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளிக்கே அது விழிக்கும். வெயிலில் அந்தப் புற ஊதாப் பங்கு ஏறத்தாழ 5 சதவீதம்தான். தூளாகக் கலந்தால் பிறகு வடிகட்டி மீட்க வேண்டும். கண்ணாடியில் பூசினால் வேகம் குறையும். ரிச்சர்ட்ஸ் பே மணலில் டைட்டானியம் கிடைக்கிறது, டர்பனுக்குத் தெற்கே அம்போகின்ட்வினியில் 2016 வரை டைட்டானியம் டை ஆக்சைடு ஆலையும் இருந்தது, எனவே உள்ளூர்ச் சரக்கே போதும் என்று சிலர் நினைக்கலாம். பெயின்டுக்கான தூளில் இந்த ஒளிவினையை அடக்கவே மேற்பூச்சு கொடுக்கிறார்கள். அது இதற்கு உதவாது.

துத்தநாக ஆக்சைடை நான் நேராகவே ஒதுக்குகிறேன். அமிலத்திலும் காரத்திலும் கரையும், ஒளியிலேயே அரிக்கப்படும், கரைந்த துத்தநாகம் மீன்களுக்கு நஞ்சு.

மெலமைனையோ யூரியாவையோ சூடாக்கிக் கிடைக்கும் கார்பன் நைட்ரைடு 460 நானோமீட்டர் வரை ஒளியை உள்வாங்கும், உலோகமும் வேண்டாம். ஆயினும் ஒளி பட்டு அதில் பிறக்கும் மின்னூட்டங்கள், சாயத்தை உடைக்குமுன் சட்டென்று மீண்டும் இணைந்துவிடுகின்றன. ஆலை அளவில் நம்பி இறங்க இன்னும் காலம் வேண்டும்.

நான் அதிகம் மதிப்பது ஒளி ஃபென்டன் முறை. இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வெயிலில் சேர்ந்து, கரிமப் பொருளைத் தாக்கும் வினைத்துடிப்பு மிக்க ஹைட்ராக்சில் ரேடிக்கல்களை உண்டாக்கி நிறத்தை விரைவாக உடைக்கின்றன. பருத்தியை வெளுக்கப் பெராக்சைடு ஏற்கெனவே பட்டறைகளில் இருப்பதால் தொழிலாளர்களுக்கு அதைக் கையாளத் தெரியும். குறை, நீரின் அமில-கார அளவான பி.எச்.சை 3-க்கு அருகில், அதாவது அமிலமாக, வைத்திருக்க வேண்டியது. ரியாக்டிவ் சாயத்தொட்டி நீரோ 10, 11 என்று காரமாக இருக்கும். அதற்கு அமிலம் ஊற்றி, பிறகு சுண்ணாம்பு போட்டு நடுநிலையாக்கினால் இரும்புச் சகதியும் சேரும், உப்பும் கூடும். நுண்ணுயிர்த் தொட்டியைத் தாண்டி வந்த நீரில் சிட்ரேட்டோடு (சிட்ரிக் அமில உப்பு) பிணைத்த இரும்பைப் பயன்படுத்தினால் நடுநிலைக்கு அருகிலேயே வேலை நடக்கும். ஆகவே என் தேர்வு அதுவே. டைட்டானியம் பூசிய தகடு அதற்கு அடுத்து.

ஆய்வகச் சோதனைகளைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல சோதனைகள் தூய நீரில் கரைத்த மெத்திலீன் நீலத்தைக் கொண்டு நடக்கின்றன. அது நேர்மின் சாயம். ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின் கொண்டவை. கார நீரில் டைட்டானியம் டை ஆக்சைடின் பரப்பும் எதிர்மின் ஆவதால் அவற்றை விலக்கும். போதாததற்குச் சாயத்தொட்டியில் லிட்டருக்கு 50 கிராமுக்கும் மேல் உப்பு இருக்கலாம், சோடா உப்பும் (சோடியம் கார்பனேட்) உண்டு. குளோரைடும் கார்பனேட்டும் ரேடிக்கல்களை விழுங்கிவிடும். நிறம் மறைந்ததைக் காட்டும் வரைபடம் எனக்குப் போதாது. உண்மையான பட்டறை நீரில் மொத்தக் கரிமக் கார்பன், அதாவது நீரில் எஞ்சிய கரிமப் பொருளிலுள்ள கார்பன், எவ்வளவு குறைந்தது, மீன்களுக்கு நஞ்சு குறைந்ததா என்று அளந்து காட்ட வேண்டும்.

இவற்றில் எதுவும் உப்பை நீக்காது. உப்பை மீட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டின் நொய்யல் ஆறு காட்டியது; 2011-இல் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஆகவே உப்பும் அடர் நிறமும் நிறைந்த சாயத்தொட்டி நீரை ஆலையிலேயே தனிக் குழாயில் பிரித்து உப்பு மீட்புக்கு அனுப்ப வேண்டும். வெளிர் நிற அலசு நீரையே ஒளி நன்கு ஊடுருவும். அதை ஆழமில்லாத தொட்டியில் வெயிலுக்கு விடலாம்.