செமாகுளுடைட் வார ஊசி: சர்க்கரை இறங்கியது, கண்ணையும் பார்க்க வேண்டியிருந்தது

இரண்டாம் வகை நீரிழிவுக்காக வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் செமாகுளுடைட் ஊசியை நான் எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். சர்க்கரை அளவும் உடல் எடையும் குறைந்ததில் எனக்கு முழுத் திருப்தி உண்டு. முதல் சில வாரங்களில் இருந்த குமட்டலும் தானாகவே அடங்கிவிட்டது.

ஆனால் இம்மருந்தைப் பற்றி வாங்கும்போதே யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய செய்தி, கண்ணுக்குள் ஏற்படக்கூடிய இரத்தக்கசிவு. 2016-இல் வெளியான சஸ்டெயின்-6 ஆய்வில், 3,297 நோயாளிகளை ஈராண்டுகள் கவனித்தபோது, நீரிழிவால் வரும் விழித்திரை நோயின் சிக்கல்கள் செமாகுளுடைட் பெற்றவர்களில் 3.0 சதவீதத்தினருக்கும் மருந்தற்ற ஊசி பெற்றவர்களில் 1.8 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டன. கண்ணின் உட்குழிவில் இரத்தம் கசிவதும் அச்சிக்கல்களில் ஒன்று. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே விழித்திரை நோய் இருந்தது. நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை திடீரெனக் குறைவதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது மருத்துவர்கள் பலரின் கருத்து. இன்சுலினைத் தீவிரமாகத் தொடங்கியவர்களிடமும் விழித்திரை நோய் இதே போல் தற்காலிகமாக மோசமடைவது முன்பே காணப்பட்டதால், இந்த விளக்கம் எனக்கு நம்பத்தக்கதாகவே தோன்றுகிறது.

பெட்டியில் உள்ள தாளில் இந்த எச்சரிக்கை இருக்கிறது, மிகச் சிறிய எழுத்தில். விழித்திரை நோய் உள்ளவர்கள் கண்மணியை விரித்துச் செய்யும் கண் பரிசோதனை முடிந்த பிறகே இதைத் தொடங்குமாறு வேண்டுகிறேன். பார்வையில் கரும்புள்ளிகள் மிதந்தாலோ திடீரென மங்கினாலோ அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். ஊசியைத் தாமாக நிறுத்த வேண்டாம்.