லண்டன் சித்தப்பாவின் மார்ஷலா, ரொறன்ரோ மாமியின் பீவியா?

பழைய வால்வ் கிட்டார் அம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வ்களால் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) வேண்டப்போகிறேன் என்று யாராவது பொடியன் வந்து நின்றால், என்ன பாட்டு வாசிக்கப்போகிறான் என்று நான் கேட்பதில்லை. "உன்ட ஆக்கள் எந்த நாட்டில இருக்கிறாங்க?" என்றுதான் கேட்பேன். திருகோணமலையில் இந்தச் சாமான் கடையில் இருக்காது. கொழும்பில் எப்போதாவது ஒன்று விலைக்கு வரும். மற்றபடி வெளிநாட்டுச் சொந்தக்காரர் யாராவது பார்த்து வேண்டி, கப்பலில் போட்டால்தான் உண்டு.

பாலையூற்றுப் பக்கத்து நண்பன் ஒருவன் போன மாசம் போனில் மூன்று படங்களோடு வந்தான். பறங்கியர் வீட்டுப் பிள்ளை. அப்பா வயலின், பெரியப்பா கிட்டார், வீட்டில் பைலா. இவனுக்கு மட்டும் மெட்டல். முதல் படம் லண்டன் சித்தப்பா பார்த்து வைத்த மார்ஷல் ஜேசிஎம்800, 2204. இரண்டாவது ரொறன்ரோ மாமி கண்டுபிடித்த பீவி 5150. மூன்றாவதும் கனடாவில்தான், மெஸா பூகி டுவல் ரெக்டிஃபையர்.

மூன்றாவதை முதலில் கழித்துவிடுகிறேன். கலிபோர்னியாவின் பெட்டலூமாவில் செய்தது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது. மின்சாரத்தை நேர்ப்படுத்த சிலிக்கன் டயோட்டும் உண்டு, இரண்டு 5யு4 வால்வும் உண்டு. எது வேண்டுமோ சுவிட்சைத் தட்டிக்கொள்ளலாம். அடித்தொண்டைச் சத்தத்துக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வால்வ்களை எண்ணிப் பாருங்கள்: முன்பக்கம் ஐந்து, பவருக்கு நாலு, மேலே அந்த இரண்டு. பதினொன்றில் எது செத்தாலும் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். எங்கள் ஊருக்கு இது வீண் செல்லம்.

மற்ற இரண்டுக்கும்தான் உண்மையான போட்டி.

ஜேசிஎம்800 என்ற பெயர் 1981இல் வந்தாலும் உள்ளே இருக்கும் சுற்று 1975இலேயே வந்த மாஸ்டர் வொலியூம் மார்ஷல்தான். 2203 என்றால் நூறு வாட், பவருக்கு நாலு ஈஎல்34 வால்வ். 2204 ஐம்பது வாட், இரண்டு ஈஎல்34. முன்பக்கம் மூன்று ஈசிசி83 (12ஏஎக்ஸ்7 என்பதும் இதே வால்வ்தான்), ஒரே சானல், எஃபெக்ட் பெடல்களை நடுவில் பூட்டும் லூப் கிடையாது. இரண்டாம் கட்டத்தின் கத்தோட்டில் பத்தாயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு அந்த வால்வை வேண்டுமென்றே குளிரில், அதாவது குறைந்த கரண்டில், விட்டிருப்பார்கள். அலையின் ஒரு பக்கத்தை அது முதலில் நறுக்கும். எண்பதுகளின் ரொக் கிட்டாரில் கேட்கிற அந்தக் குரைப்புக்கு அது ஒரு பெரிய காரணம். ஒன்றை மறைக்கக்கூடாது: இன்றைய மெட்டல் கேட்டு வளர்ந்த காதுக்கு இதன் கெயின், அதாவது சத்தத்தைக் கிழிக்கும் அளவு, தனியே போதாது. முன்னால் ஒரு ஓவர்டிரைவ் பெடல் வைத்தால்தான் இறுகும்.

5150க்கு அந்தக் குறை இல்லை. 1992இல் ரொக் கிட்டார்க்காரர் எடி வான் ஹேலனோடு சேர்ந்து பீவி இறக்கியது. மிசிசிப்பியின் மெரிடியனில் செய்தது. நூற்றி இருபது வாட், பவருக்கு நாலு 6எல்6, முன்பக்கம் ஐந்து 12ஏஎக்ஸ்7. அவர் பீவியை விட்டுப் போனபிறகு இதே சுற்று 6505 என்ற பெயரில் ஓடியது; அதனால் அந்தப் பெயரில் கிடைத்தாலும் தள்ளிவிட வேண்டாம். இதில் இரண்டு சானல்; கிழிச்சல் கூடிய லீட் சானலில் கெயினை நாலுக்கு மேல் திருப்ப எனக்கு இன்னும் தேவை வந்ததில்லை. எரிச்சல் என்னவென்றால் இரண்டு சானலுக்கும் ஒரே பாஸ், மிட், ட்ரெபிள். லீட்டுக்குச் சரியாக வைத்தால் மற்றது கெட்டுப்போகும்.

சத்தத்தை மட்டும் பார்த்தால் என் நண்பனுக்குப் பீவிதான். ஆனால் சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். லண்டனிலும் அதேதான், சித்தப்பா அனுப்புவதை அப்படியே குத்தலாம். கனடாவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். "ஸ்டெப் டவுன் ஒண்டு போட்டாச் சரிதானே மச்சான்?" என்றான். வோல்ட்டுக்குச் சரி. ஹேர்ட்ஸை அது மாற்றாது. அறுபதுக்குக் கணக்காகச் சுற்றிய ட்ரான்ஸ்போமரை ஐம்பதில் ஓட்டினால், அதே வோல்ட்டுக்கு அதன் இரும்பு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் காந்தத்தைச் சுமக்கவேண்டும். தாராளமாகச் செய்த ட்ரான்ஸ்போமர் தாங்கும், கஞ்சத்தனமாகச் செய்தது கொதிக்கும். பின்பக்கத் தகட்டில் 50/60 என்று இருக்கிறதா, 60 மட்டுமா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 60 மட்டும் என்றால் நான் வேண்டமாட்டேன்.

அடுத்தது உப்புக்காற்று. உள்துறைமுக வீதியில் என் வேலைமேசைக்கு வந்த அம்ப் ஒன்றின் ஸ்குரூத் தலைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு கட்டியிருந்தது. ஒரே ஒரு மாரி மழைக்குப் பிறகு! வால்வ் குத்தும் சொக்கெட்டுக்குள்ளும் அதே கதைதான். மார்ஷலில் பவர் வால்வ் சொக்கெட்டுகள் இரும்புச் சட்டத்தில் பூட்டி வயரால் இணைத்தவை. ஒன்று போனால் கழற்றி வேறு போடலாம். 5150இல் அவை போர்டிலேயே ஈயம் வைத்தவை. ஒன்றை மாற்ற முழுப் போர்டையும் வெளியே எடுக்கவேண்டும், சூடு கூடினால் செப்புத் தடமும் உரிந்து வரும்.

பீவிக்கு நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். அதில் பயஸ், அதாவது வாசிக்காதபோதும் பவர் வால்வில் ஓடும் கரண்டின் அளவு, திருப்பும் இடம் கிடையாது. தொழிற்சாலையிலேயே குளிர்ச்சியாக வைத்துவிட்டார்கள். சத்தத்தில் கொஞ்சம் சொரசொரப்பு வரும், ஆனால் புது 6எல்6 நாலைக் குத்திவிட்டு வாசிக்கலாம். மார்ஷலுக்கு வால்வ் மாற்றினால் மீற்றர் வைத்துப் பயஸ் சரிபார்க்க ஆள் வேண்டும். பக்கத்தில் மெக்கானிக் இல்லாதவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

வேண்டுமுன் என்ன பார்ப்பது? நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். கொழும்பில் ஒருவரிடம் படத்தை மட்டும் பார்த்து நூறு வாட் அம்ப் ஒன்றுக்குக் காசு கொடுத்து, இரவு ரயிலில் இறக்கினேன். ஃபியூஸ் மூடியைத் திருகினால் உள்ளே ஃபியூஸுக்கு மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றியிருந்தது. ஃபியூஸ் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது, ஏன் என்று யாரும் பார்க்கவில்லை. அவுட்புட் ட்ரான்ஸ்போமர் போய்விட்டிருந்தது. இப்போது முதல் படமாக ஃபியூஸைத்தான் கேட்கிறேன். 2204இல் இரண்டு ஃபியூஸ். ஹைவோல்ட் பக்கத்தில் அரை அம்பியர் இருக்கவேண்டும். பெரியது போட்டிருந்தால் ஏதோ மறைக்கிறார்கள்.

முப்பது, நாற்பது வருடத்துக் கப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகம்) உள்ள அம்பை நேரே சுவரில் குத்தாதீர்கள். பவர் வால்வைக் கழற்றிவிட்டு, நூறு வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராகப் போட்டுக் கொடுங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது, எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷோர்ட். எல்ஈடி வந்தபிறகு அந்தப் பல்ப் தேடுவதே பெரும்பாடு. என்னிடம் இருப்பது ஒன்று, அதை யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை. நிறுத்திய பிறகும் கப்பாசிட்டரில் நானூறு வோல்ட் அளவில் நிற்கும், பழக்கமில்லாத கையை உள்ளே விடக்கூடாது. ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்துப் பார்க்கவும் கூடாது.

எல்லாம் ஓடினால் பென்சிலால் முன்வால்வ்களைத் தட்டுங்கள். மணி அடித்தால் அது மாற்றவேண்டியது. கண்ணாடிக்குள் நீல ஒளி பயமில்லை. வால்வுக்குள் இருக்கும் தகடு சிவந்தால் உடனே நிறுத்துங்கள்.  குமிழ்கள் கரகரத்தால் விலையைக் குறைக்கலாம்.

நண்பனிடம் இருப்பது பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று, அறுபது வாட், எட்டு ஓம். நூற்றி இருபது வாட் பீவியை அதில் பூட்டினால் ஸ்பீக்கரின் கடைசி நாள் அதுதான். 2204ஐ எட்டு ஓமில் வைத்து அளவோடு வாசிக்கலாம். கடைசியில் இந்தக் கணக்குத்தான் அவனுக்கு உறைத்தது. சித்தப்பாவுக்குச் சரி சொல்லியாகிவிட்டது. வால்வ்களைக் கழற்றித் தனியே காலுறைக்குள் சுற்றி அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.

மாமிக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. அவ அங்க பீவிக்கு அட்வான்ஸ் குடுத்திட்டாவாம்.