ஆபா பாடல்களும் குரல் பிரிக்கும் செயலியும்: ஒரு மதிப்பீடு

பிடித்த குழுவின் பாடல்களைத் தாமே பாடிப் பார்க்க விரும்புவோர்க்கு முதலில் தேவைப்படுவது குரல் நீக்கிய பின்னணி இசை. மேடைக் குழுக்களின் பேச்சு வழக்கில் சொன்னால் மைனஸ் ஒன். அதை யாரேனும் வாசித்து வெளியிடும்வரை காத்திருக்கத் தேவையில்லை, வெளிவந்த ஒலிப்பதிவிலிருந்தே குரலை உருவி எடுத்துவிடலாம் என்று சொல்லும் செயலிகள் இப்போது பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றை, ஸ்வீடனின் ஆபா குழுவின் பாடல்களை மட்டுமே பாடி மகிழும் எங்கள் சிறிய குழு சில காலமாகப் பயன்படுத்தி வருகிறது. செயலியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கீழே வரும் குறைநிறைகளில் பெரும்பாலானவை இவ்வகைச் செயலிகள் அனைத்துக்கும் பொதுவானவை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு பாட்டைப் பிரித்துக் கேட்டுக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல துணை எனக்குக் கிடைத்ததில்லை, ஆனால் இது தரும் இசையைப் பின்னால் ஓடவிட்டுக்கொண்டு மேடையில் பாடுவது வீண் முயற்சி. மற்ற குழுக்களின் பாடல்களில் ஓரளவு மறைந்துவிடும் இந்தக் குறை, ஆபா பாடல்களில் பளிச்சென்று தெரிகிறது.

குரலை நீக்குவது புதிய ஆசை அல்ல. ஸ்டீரியோ பதிவுகளில் தலைமைக் குரலைப் பெரும்பாலும் நடுவில், அதாவது இடது வலது இரண்டிலும் சம அளவில் வைப்பார்கள். ஒரு பக்கத்தை மறுபக்கத்திலிருந்து கழித்தால் நடுவில் இருப்பது அழிந்துவிடும் என்ற எளிய கணக்கில்தான் பழைய குரல் நீக்கிகள் இயங்கின. அழிவது குரல் மட்டுமன்று. அதே நடுவில் வைக்கப்பட்ட பாஸ் கிட்டாரும் பெரிய டிரம்மும் சேர்ந்தே காணாமற்போகும். இரு பக்கமும் பரப்பி வைத்த கோரஸ் குரல்களோ அப்படியே நிற்கும். இன்றைய செயலிகள் வேறு வழியில் செல்கின்றன. தனித்தனி இழைகளும் (குரல், ஒவ்வொரு வாத்தியம் ஆகியவற்றின் தனிப் பதிவுகளும்) அவை கலந்த முழுப்பாட்டும் கொண்ட ஏராளமான பதிவுகளைக் காட்டிப் பயிற்றுவித்த கணினி மாதிரி, எந்த அதிர்வெண் எந்த நொடியில் எந்த வாத்தியத்துக்கு உரியது என்று ஊகித்துப் பிரிக்கிறது. இணையத்தில் பாட்டு கேட்கும் சேவையை நடத்தும் டீசர் நிறுவனம் 2019இல் ஸ்ப்ளீட்டர் என்ற நிரலை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்ட பிறகு இந்த வசதி சாமானிய ரசிகர் கைக்கும் வந்து சேர்ந்தது. நாங்கள் பயன்படுத்தும் செயலியும் அந்த நிரலின் விரிவான மாதிரியைப் போலவே குரல், டிரம்ஸ், பாஸ், பியானோ, ஏனையவை என ஐந்து இழைகளாகப் பாட்டைப் பிரித்துத் தருகிறது.

எல்லாம் ஊகம் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த ஊகத்துக்கு ஆபா வைப்பது போன்ற கடினமான சோதனையை வேறு எந்தப் பாப் குழுவும் வைத்திருக்குமா என்பது சந்தேகமே. அவர்களுடைய ஒலிப்பதிவாளர் மைக்கேல் பி. டிரெட்டோவ், அமெரிக்கத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் அடர்ந்த ஒலியால் கவரப்பட்டவர். ஸ்பெக்டர் ஒரே வாத்தியத்தைப் பலர் சேர்ந்து வாசிக்கும்படி கூடத்தை நிரப்பினார். அத்தனை பேரை அழைக்க வசதியில்லாத டிரெட்டோவ், அதே கலைஞர்களை அதே பகுதியை மறுபடி வாசிக்கச் செய்து, இரண்டாம் முறை ஒலிநாடாவின் வேகத்தைச் சற்றே மாற்றி வைத்தார். சுருதியில் மயிரிழை வேறுபாடு கொண்ட இரண்டு பதிவுகள் ஒன்றன் மேல் ஒன்று அமரும்போது ஒலி தடித்துப் பளபளக்கிறது. 1973இல் தொடங்கிய இந்த உத்தியின் மேல் குழுவின் பாடகிகள் ஆக்னெத்தா, ஆன்னி-ஃப்ரிட் ஆகிய இருவரின் குரல்களும் அடுக்கடுக்காக ஏற்றப்பட்டன. ஆக, ஆபா பாடல்களில் குரல் என்பது இசையின் மேல் மிதக்கும் தனிப் பொருள் அல்ல. பாதி இசையே குரல்தான். குரலை எடுத்துவிட்டு இசையை மட்டும் தா என்று செயலியிடம் கேட்கும்போதே நாம் கொஞ்சம் அநியாயமாகத்தான் கேட்கிறோம்.

1978இல் தனிப்பாடலாக வெளிவந்த 'டேக் எ சான்ஸ் ஆன் மீ'யை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். அந்தப் பாட்டு வாத்தியம் எதுவும் இல்லாமல் குரல்களை மட்டும் கொண்டு தொடங்குகிறது. பெண்கள் பல்லவியைப் பாட, ஆண் குரல்கள் கீழே ஒரே சொற்றொடரைத் தாளக்கட்டாக இடைவிடாமல் சொல்லிக்கொண்டே போகின்றன. குழுவின் பாடலாசிரியர்களில் ஒருவரான பியோர்ன் உல்வேயஸ் ஓடும்போது மனத்தில் எழுந்த தாளத்திலிருந்து அது பிறந்ததாகச் சொல்வதுண்டு. குரல் இழையை நிறுத்திவிட்டுப் பாட்டை ஓடவிட்டால் தொடக்கத்தில் கேட்பது முழு மௌனம். பாடுபவருக்குச் சுருதியும் இல்லை, காலப்பிரமாணமும் இல்லை. தாமாக எடுத்துத் தாமாகவே தாளம் பிடித்துக்கொண்டு போனால், வாத்தியங்கள் உள்ளே வரும் இடத்தில் இரண்டும் முட்டிக்கொள்ளும். செயலியில் இதற்கு ஒரு மாற்று இருக்கிறது: பாட்டின் வேகத்தைக் கணித்து, காதில் மட்டும் கேட்கும்படி ஒரு தட்டொலியை ஓட்டுகிறது. ஒலிநாடாக் காலப் பாடல்களில் வேகம் லேசாக அலைந்தாலும் தட்டொலி பெரும்பாலும் அதைத் தொடர்ந்து செல்கிறது. இந்த வசதிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். ஆனால் ஆண் குரல்களின் தாளக்கட்டு குரல் இழையோடு சேர்ந்தே போய்விடுவதால், பாட்டின் முதுகெலும்பும் போய்விடுகிறது. தலைமைக் குரல், கோரஸ் குரல் என்று பிரிக்கும் தேர்வு ஒன்றும் தரப்பட்டிருக்கிறது. ஒற்றைப் பாடகர் முன்னிற்கும் பாட்டில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆபாவின் இரண்டு பெண் குரல்களும் ஒரே ஸ்வரத்தில் ஒட்டிப் பாடும் இடங்களில் எது தலைமை என்று அதற்கே புரியாமல் வரிக்கு வரி மாற்றிப் போடுகிறது.

'டான்சிங் குவீன்' பாட்டில் வேறு சிக்கல். பியானோவில் விரலை இழுத்து விடும் அந்தச் சறுக்கலுக்குப் பிறகு சொல்லற்ற கோரஸ் எழுகிறது. குரலா, தந்தி வாத்தியமா, சிந்தசைசரா என்று மனிதக் காதே தடுமாறும்படி மூன்றும் பின்னிக் கிடக்கும் இடம் அது. குரலை நிறுத்திய பிறகும் அந்தக் கோரஸின் சாயல் ஏனையவை என்ற இழையில் தங்கி, தண்ணீருக்கடியில் யாரோ பாடுவது போல் கேட்கிறது. ஹெட்ஃபோனில் கேட்டால் அதுவும் ஒரு சுவைதான் என்று எண்ணிக்கொள்ளலாம். அரங்கின் ஒலிபெருக்கியில் அது நம் கோரஸுடன் மோதி, நாம் சுருதி விலகிப் பாடுவதாகக் கேட்பவர்களை நினைக்க வைத்துவிடும்.

அதே பாட்டில்தான் இந்தச் செயலி எங்களுக்கு மிகுதியாகக் கற்றுக்கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டின் தொடக்கத்தில் ஏ மேஜர், டி மேஜர் என்ற இரண்டு கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள், மாறி மாறி வருகின்றன. பாஸ் இழையைத் தனியே கேட்டால் அது டி ஸ்வரத்துக்கு நகராமல் ஏ ஸ்வரத்திலேயே ஊன்றி நிற்பது தெரிகிறது. மேலே கார்டு மாற, கீழே ஆதாரம் அசையாமல் இருப்பதால்தான் அந்த முன்னிசை தரையில் கால் படாத உணர்வைத் தருகிறது. இதை முழுப்பாட்டாகப் பல ஆண்டுகள் கேட்டும் நான் கவனித்ததில்லை. செயலி தானாக எழுதித் தரும் கார்டு வரிசையிலோ இந்த நுட்பம் இல்லை; வெறும் டி என்று போட்டுவிடுகிறது. இன்னொன்று: முதல் சொற்கள் ஒலிக்கும் இடத்தில் ஈ மேஜரிலிருந்து சி ஷார்ப் செவன்த், எஃப் ஷார்ப் மைனர், பி செவன்த் என்று கார்டுகள் நகர்கின்றன. இந்தச் சி ஷார்ப் கார்டின் மூன்றாம் ஸ்வரம் பாட்டின் ஸ்வர வரிசையான ஏ மேஜர் ஸ்கேலுக்கு வெளியே இருப்பது. மனத்தைச் சட்டெனத் தூக்கி எறிவது அந்த ஒரு அரை ஸ்வர மாற்றம்தான். செயலியோ ஸ்கேலுக்குள் அடங்கும் சி ஷார்ப் மைனரை எழுதி வைத்திருக்கிறது. அதை நம்பி வாசித்தால் பாட்டு கெட்டுப்போவதில்லை, சப்பென்று ஆகிவிடுகிறது; ஏன் என்றும் பிடிபடாது. கார்டு வரிசையைத் தோராயக் குறிப்பாக மட்டுமே கொள்ள வேண்டும். பியானோ இழையைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஆபாவின் பியானோ கலைஞர் பென்னி ஆண்டர்சனின் இடக்கை என்ன செய்கிறது என்று காதால் சரிபார்ப்பதே சரி.

பாஸ், டிரம்ஸ் இழைகள் வியக்கத்தக்க தெளிவுடன் வருகின்றன. ஆபாவின் பெரும்பாலான பதிவுகளில் பாஸ் வாசித்தவர் ருட்கர் குன்னார்சன். குரல்களின் பளபளப்பில் மறைந்து கிடக்கும் அவருடைய வாசிப்பைத் தனியே கேட்பதற்காகவே சந்தா கட்டலாம் என்பது எங்கள் பாஸ் கலைஞரின் கருத்து. சுருதி மாற்றத்தைப் பற்றி அவ்வளவு உயர்வாகச் சொல்ல முடியவில்லை. ஆபாவின் பெண் குரல்கள் உச்சத்தில் உலவுபவை. எங்கள் குழுவினருக்காக இரண்டு மூன்று அரை ஸ்வரம் இறக்கியே தீர வேண்டியிருக்கிறது. அப்படி இறக்கும்போது டிரம்ஸ் இழையையும் சேர்த்து இறக்கிவிடுவதால் தட்டு தளர்ந்து ஒலிக்கிறது. டிரம்ஸை மட்டும் விட்டுவிட்டு ஏனையவற்றை மாற்றும் ஒரு பொத்தான் வைப்பது பெரிய காரியமா என்ன? போதாததற்கு, சுருதியை முழு அரை ஸ்வரங்களாக மட்டுமே மாற்ற முடிகிறது. பழைய பதிவுகள் எல்லாம் இன்றைய கீபோர்டின் சுருதியோடு இம்மி பிசகாமல் பொருந்துவதில்லை. நுண்ணிய அளவில் திருத்தும் வசதி இல்லாத இடத்தில் கீபோர்டைத்தான் பாட்டுக்கு ஏற்ப மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை பாடுபட்டு மூலத்தின் ஒலியை அப்படியே கொண்டுவர வேண்டுமா என்பது தனிக் கேள்வி. ஆபாவின் பாடல்களை எடுத்துப் பாடியவர்களில் இரண்டு வழியினரும் உண்டு. 1988இல் மெல்போர்னில் தொடங்கிய பியோர்ன் அகெய்ன் குழு, உடையிலிருந்து உச்சரிப்பு வரை ஆபாவையே மேடையில் மறுபடி நிறுத்தியது. எரேஷர் என்ற பிரிட்டன் பாப் இரட்டையர் 1992இல் நான்கு ஆபா பாடல்களைச் சிந்தசைசர் ஒலிக்கும் தம் பாடகர் ஆண்டி பெல்லின் ஆண் குரலுக்கும் மாற்றி வெளியிட்டனர். அது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. எனக்குப் பின்னது உயர்ந்ததாகப் படுகிறது. குரல் அடுக்கை நகலெடுக்க முயலாமல், அந்த மெட்டுகள் அடுக்கு இல்லாமலும் நிற்குமா என்று அவர்கள் பார்த்தார்கள், நின்றன. இந்த வழியில் செல்பவர்க்குச் செயலியின் பிரித்த இழைகள் மேடையில் தேவையே இல்லை. அச்சு அசலாகப் பாட விரும்புவோர்க்கோ, அது தரும் இழைகள் போதுமான அளவு சுத்தமாக இல்லை. இரண்டு பக்கமும் மேடையில் உதவாத இந்தக் கருவி, ஒத்திகை அறையில் இரண்டு பக்கத்தாருக்கும் உதவுகிறது.

மேடைக்கு வேறு வழி இல்லாமல் இல்லை. வாத்தியக் கலைஞர்கள் புதிதாக வாசித்துப் பதிந்து விற்கும் கரோக்கி டிராக்குகளில் ஒலி சுத்தமாக இருக்கும்; பலவற்றில் கோரஸ் உள்ள வடிவம், இல்லாத வடிவம் என இரண்டும் கிடைக்கும். நாங்கள் எப்போதும் கோரஸ் உள்ளதையே எடுக்கிறோம். இருவர் முன்னால் பாட, அடுக்குக் குரல்கள் பின்னால் இருந்தால்தான் ஆபா ஆபாவாகக் கேட்கிறது. மூலப் பதிவின் உயிர்ப்பு அவற்றில் இருக்காது, உண்மைதான். ஆனால் ஓட்டைகளும் இருக்காது.

சட்டம் தொடர்பான ஒரு வேறுபாட்டையும் செயலி எங்கும் தெளிவாகச் சொல்லவில்லை. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன: மெட்டும் சொற்களும் ஆகிய படைப்பின் மேல் ஒன்று, ஒலிப்பதிவின் மேல் மற்றொன்று. நாமே வாசித்து நாமே பாடினால் முதல் உரிமைக்கு மட்டும் அனுமதி பெற்றால் போதும். மூலப் பதிவிலிருந்து பிரித்தெடுத்த இழையின் மேல் பாடி இணையத்தில் ஏற்றினால், குரலை நீக்கிவிட்டாலும் எஞ்சியிருப்பது அந்த நிறுவனத்தின் பதிவேதான். இரண்டாவது உரிமையும் குறுக்கே வரும். யூடியூபின் தானியங்கி அடையாள முறை அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பும் அதிகம். ஏற்றுமதிப் பொத்தானைப் பெரிதாக வைத்திருப்பவர்கள் அதன் பக்கத்தில் இரண்டு வரி எச்சரிக்கை போட்டிருக்கலாம்.

இலவச வடிவத்தில் பாட்டின் நீளத்துக்கும் மாதத்துக்கு இத்தனை பாட்டு என்பதற்கும் வரம்பு உண்டு. ஐந்து இழைப் பிரிப்பும் வேக மாற்றமும் சந்தாவுக்குள்தான் வருகின்றன. ஒருமுறை பிரித்த இழைகளைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதால் தொடர்ந்து சந்தா கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஒத்திகைக்குத் தேவையான பாடல்களை முன்கூட்டியே பட்டியலிட்டு, சந்தா உள்ள ஒரு மாதத்திலேயே எல்லாவற்றையும் பிரித்து வைத்துக்கொள்வது சிக்கனம். இறக்கும்போது சுருக்கப்படாத வேவ் வடிவத்தையே தேர்ந்தெடுங்கள். எம்பி3 வடிவத்தில் ஏற்கனவே இருக்கும் அந்தக் குரல் கசிவு இன்னும் கரகரப்பாகிறது.