வீட்டிலேயே எச்சில் எடுத்து அனுப்பும் மரபணு கிட்: முடக்குவாதத்துக்காக வாங்கலாமா?

அம்மாவுக்கு முடக்குவாதம் (மூட்டுகளைப் பிடிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்.ஏ.) வந்து 22 வருஷம் ஆகிறது. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது, குக்கர் மூடியைத் திறக்க யாரையாவது கூப்பிட வேண்டும், வாரம் ஒருநாள் அதற்கான மெதோட்ரெக்சேட் மருந்து போட்டால் மறுநாள் குமட்டல். அவருக்கு இது ஆரம்பித்தது நாற்பது வயதில். எனக்கும் இப்போது நாற்பது நெருங்குகிறது, போன மாதம் வலது கை நடுவிரல் இரண்டு நாள் விறைப்பாக இருந்ததும் பயந்துபோய் இந்தக் கிட்டுக்கு ஆர்டர் போட்டேன். விலை ஒன்பதாயிரத்துச் சொச்சம். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் என் குறை இந்த ஒரு கம்பெனியோடு முடிகிற விஷயம் இல்லை.

டெலிவரி, பேக்கிங் எல்லாம் நன்றாகவே இருந்தது. அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, குழாயில் போட்ட கோடு வரை எச்சில் நிரப்ப வேண்டும், நுரை கணக்கில் வராது. எனக்குப் பதினைந்து நிமிஷம் ஆனது. மூடியை அழுத்தித் திருகினால் உள்ளே இருக்கும் நீல மருந்து இறங்கிக் கலக்கிறது. அம்மாவின் கையால் அந்த மூடியைத் திருகவே முடியாது என்று அப்போதுதான் தோன்றியது. நான்காவது வாரம் ரிப்போர்ட் வந்துவிட்டது.

அதில் முடக்குவாதத்துக்கு ஒரே ஒரு பக்கம். மேலே பச்சைக் கட்டத்தில் 'பிடிபிஎன்22: ஆபத்து வகை இல்லை' என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். பிடிபிஎன்22 என்பது ஒரு மரபணு, அதில் வரும் ஒரு மாற்றத்தைத்தான் ஆபத்து வகை என்கிறார்கள். பெரிய நிம்மதி. அப்புறம்தான் தேடிப் படித்தேன். அந்த மரபணு மாற்றத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 2004-ல் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கண்டறியப்பட்டது. ஜப்பானியர், கொரியர்களிடம் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை, இந்தியர்களிடமும் மிகக் குறைவு. நம் ஊரில் யார் எச்சிலை அனுப்பினாலும் அநேகமாக அந்தக் கட்டம் பச்சையாகத்தான் வரும். இதை ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா?

உண்மையில் பெரிய பங்கு எச்எல்ஏ-டிஆர்பி1 என்ற மரபணுவுக்குத்தான். அது உருவாக்கும் புரதத்தில் 70 முதல் 74 வரையிலான இடங்களில் ஒரே மாதிரி அமைப்பு இருப்பவர்களுக்கு இந்த நோய் அதிகம் வருகிறது என்று கிரெகர்சன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் 1987-லேயே முன்வைத்துவிட்டார்கள். அந்த மரபணுவில் ஏகப்பட்ட வகைகள் உண்டு, எந்த வகை எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதும் இனத்துக்கு இனம் மாறும். இந்தக் கிட் அதை நேரடியாகப் படிப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் சில குறிகளைப் பார்த்து 'இந்த வகையாக இருக்கலாம்' என்று ஊகிக்கிறது. இது ரிப்போர்ட்டின் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கிறது. எனக்கு அங்கே ஆரஞ்சுக் கட்டம், 'சராசரியைவிட அதிகம்'. எவ்வளவு அதிகம் என்று சொல்லவில்லை.

பணத்துக்குப் பலன் என்றால் அது கிட்டோடு கூடவே வரும் மரபணு ஆலோசகர் போன்தான். முக்கால் மணி நேரம் பொறுமையாகப் பேசினார். "மேடம், அம்மாவுக்கு இருக்கிறது என்ற தகவல் இந்தப் பக்கத்தைவிடப் பெரியது" என்று அவரே சொன்னார். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காம். கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் பொதுவாகவே நூறு பேரில் ஒருவருக்கு வருவதே அதிகம், அதை மூன்றால் பெருக்கினாலும் நூற்றில் மூன்று, மீதி 97 பேருக்கு வராது. இன்னொன்றும் சொன்னார்: ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருப்பது நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து ஜோடிகளில்தான். அச்சு அசலாக ஒரே மரபணு இருந்தும் அவ்வளவுதான். அந்த ஒரு தகவல் என் பயத்தைப் பாதியாக்கியது.

சிகரெட் விஷயம் ரிப்போர்ட்டில் இல்லவே இல்லை, அதுதான் எனக்குப் பெரிய கோபம். 2006-ல் ஸ்வீடனில் செய்த ஆய்வில், அந்த டிஆர்பி1 வகை இரண்டு பிரதி இருந்து புகையும் பிடிப்பவர்களுக்கு, அந்த வகையும் புகைப்பழக்கமும் இல்லாதவர்களைவிட ஆன்டி சிசிபி பாசிட்டிவ் (ரத்தத்தில் அந்தப் பெயருள்ள எதிர்ப்புப் புரதம் இருக்கும்) முடக்குவாதம் 21 மடங்கு அதிகமாக இருந்தது. என் அண்ணன் இருபது வருஷமாகப் பிடிக்கிறான். அவனும் அதே அம்மாவுக்குப் பிறந்தவன்.

லேபில் கேட்பவர்களுக்கு ஒன்று: எச்எல்ஏ-பி27 வேறு. அது முதுகெலும்பைப் பிடிக்கும் வாதத்துக்குப் பார்ப்பது, இதோடு குழப்பிக்கொண்டு பணத்தைக் கட்டாதீர்கள்.

விரல் விறைப்புக்கு வாதநோய் டாக்டரிடம் போனேன். ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார், வீக்கம் இல்லை, ஆன்டி சிசிபி, ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளை எழுதிக்கொடுத்தார். இரண்டும் நெகட்டிவ், செலவு கிட் விலையில் பாதிகூட இல்லை. நோயை முன்கூட்டியே தடுக்க முடியுமா என்று அபாடசெப்ட் மருந்தை வைத்துச் செய்து 2024-ல் வெளிவந்த ஆய்வுகளிலும் ஆட்களைத் தேர்ந்தெடுத்தது இந்த மாதிரி ரத்தப் பரிசோதனையும் மூட்டு வலியும் வைத்துத்தான், மரபணுவை வைத்து அல்ல.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், இரண்டுமே அந்த ஆலோசகருக்கு. முடக்குவாதத்துக்காக மட்டும் வாங்க நினைத்தால் வேண்டாம். காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, வாரக்கணக்கில் தொடர்ந்தால் நேராக டாக்டரிடம் போங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அந்தப் போன் காலை விட்டுவிடாதீர்கள், புக் செய்ய ஆப்பில் மூன்றாவது பக்கம் வரை போக வேண்டும். நான் இரண்டாவது முறை புக் செய்திருக்கிறேன், இந்தத் தடவை அண்ணனும் லைனில் இருப்பான்.